முப்பத்தொரு மாதம் முள் மட்டுமே: ஒரு காகிதப்பூக் கொடியைப் பூக்க வைத்த கணக்கு

2025 பிப்ரவரி 13. படுக்க வைத்துக் கட்டியிருந்த இரண்டாவது கிளையின் நுனியில் முதல் நிறம் தெரிந்தது. 2022 ஜூலையில் நர்சரியிலிருந்து பூவோடு வந்த செடி இது. கொண்டுவந்த பூ இரண்டே வாரத்தில் உதிர்ந்தது. அதற்குப் பிறகு முப்பத்தொரு மாதம் ஒரு பூகூடக் கிடையாது. அந்தக் காலத்தில் வளர்ந்ததெல்லாம் பதினான்கு அடிக் கொடியும் ஒன்றரை அங்குல முள்ளும்தான்.

காகிதப்பூவை யாரும் வளர்க்கலாம், வெயிலில் போட்டால் போதும் என்பார்கள். சரிதான். ஆனால் வெயிலில் போட்டுவிட்டுச் சும்மா இருப்பதுதான் யாராலும் முடிவதில்லை. கீழே உள்ளது, எங்கெங்கே சும்மா இருக்காமல் போனதால் கெட்டது, எங்கே கை வைத்ததால் சரியானது என்பதன் பதிவு. இடம் தாம்பரத்துக்குத் தெற்கே, முதல் மாடிக்கு மேலுள்ள மொட்டை மாடி. அடர் மெஜந்தா நிற வகை. கடைக்காரர் பெயர் எதுவும் சொல்லவில்லை.

முதல் தவறு தொட்டியிலேயே. செடி வந்தது ஆறு அங்குலக் கறுப்புப் பையில், கல் மாதிரி இறுகிய செம்மண் கட்டியோடு. இரண்டடி உயரம், 180 ரூபாய். கொடியாயிற்றே, நன்றாகப் படரட்டும் என்று 200 லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக வெட்டி அதில் வைத்தாயிற்று. மண் கலவை: செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. கத்தரிக்கும் வெண்டைக்கும் அருமையான கலவை. காகிதப்பூவுக்கு இதைவிட மோசமானதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நூறு லிட்டர் மண்ணில் வேர் பிடித்திருப்பது ஒரு மூலை. மீதி மண் ஊறியே கிடக்கும். நார்க்கழிவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மேல்மண் காய்ந்தாலும் நாலு அங்குலத்துக்குக் கீழே ஈரம் போகாது. செடிக்கு ஒருநாளும் தாகம் என்று ஒன்று வரவில்லை. தாகம் வராத காகிதப்பூ இலைதான் விடும்.

ஓட்டாஞ்சில்லு வைத்து மூடிய வடிகால் துளைகள் மூன்று. அவற்றின் கதை பிறகு.

2022 கடைசியிலிருந்து 2023 ஜூலை வரை உர வைத்தியம் நடந்தது. வாரம் ஒரு கைப்பிடி மண்புழு உரம். பூக்கவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பஞ்சகவ்யம், லிட்டருக்கு 30 மில்லி. இலை இன்னும் பெரிதாயிற்று. வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணீர், கொசுதான் வந்தது. பிறகு டிஏபி உரம், மாதம் ஒரு தேக்கரண்டி. டிஏபியில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) 46 சதவீதம் என்பதுதான் கண்ணில் படும். கூடவே இலையை வளர்க்கும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) 18 சதவீதம் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. செடியின் அடியிலிருந்து கட்டைவிரல் பருமனில், இலைக்கு இலை நாலு அங்குல இடைவெளியில், அம்பு மாதிரி நேராக மேலே போகும் தண்டுகள் கிளம்பின. நர்சரிக்காரர்கள் இதை வாட்டர் ஷூட் என்பார்கள். இலை தண்டோடு சேரும் ஒவ்வொரு கக்கத்திலும் ஒரு முள். இந்தத் தண்டு வந்தால் செடி கொழுத்துவிட்டது என்று பொருள்.

கடையில் 'பூ பூக்கும் டானிக்' என்று தந்த ஒரு சிறு பாட்டிலும் (240 ரூபாய்) இந்தக் காலத்தில் இரண்டு முறை தெளிக்கப்பட்டது. லேபிளைப் பிறகு படித்துப் பார்த்தால் ஜிப்ரலிக் அமிலம், அதாவது ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோன். மற்றச் செடிகளுக்கு எப்படியோ, காகிதப்பூவுக்கு இது நேர் எதிரி. இந்தச் செடியில் முள்ளும் பூங்கொத்தும் ஒரே இடத்தில், ஒரே மொட்டிலிருந்து வருபவை. இலைக் கக்கத்தில் கிளம்பும் அந்தச் சிறு குருத்து சூழ்நிலையைப் பார்த்து முள்ளாகவோ பூக்கொத்தாகவோ மாறுகிறது. நிழல், அதிகத் தழைச்சத்து, ஓயாத ஈரம், ஜிப்ரலின் எல்லாம் அதை முள் பக்கம் தள்ளும். நல்ல வெயில், குறுகிய பகல், கொஞ்சம் வறட்சி இவை பூப் பக்கம் தள்ளும். ஆக, காசு கொடுத்து முள் வாங்கியதுதான் மிச்சம்.

2023 ஆகஸ்ட்டில் கோபத்தில் ஒரு கவாத்து. எல்லாக் கிளையையும் இரண்டடிக்கு வெட்டியது. காகிதப்பூ புதிய தளிரில்தான் பூக்கும், எனவே கவாத்து தேவை என்பது உண்மைதான். ஆனால் வெட்டிய பிறகு வரும் தளிர் பூக்கும் பருவத்துக்கு வர ஆறேழு வாரம் ஆகும். ஆகஸ்ட்டில் வெட்டினால் அது அக்டோபர் நடுவில், சரியாக வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் போய் நிற்கும். மழையில் நனைந்தே வளர்ந்த தளிர் எல்லாம் இலையானது.

அந்தக் கவாத்தில் ஒரே ஒரு நல்ல காரியம். வெட்டிப்போட்டதில் பென்சில் பருமனில், முற்றிய, எட்டு அங்குலக் குச்சிகள் ஆறை எடுத்து, செம்மண்ணும் மணலும் பாதிக்குப் பாதி கலந்த ஆறு அங்குலத் தொட்டிகளில் நட்டது. நாலு காய்ந்தன, இரண்டு பிடித்தன. பிடித்தவற்றைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்துவிட்டு மறந்தாயிற்று.

2023 டிசம்பர் 3, 4. மிக்ஜாம் புயல் மழை. மாடியில் தண்ணீர் நின்று வடிந்தது. டிரம்மில் நின்றது வடியவில்லை. ஒரு வாரம் கழித்து இலைகள் மஞ்சளாகிப் பாதி கொட்டின. துளையில் கம்பியை விட்டுக் குத்தியபோது நார்க்கழிவு அடையாக வந்தது. கூடவே சாக்கடை வாடை. ஓட்டாஞ்சில்லு துளையைக் காக்கும் என்பது நம்பிக்கைதான். மக்கிய நார்க்கழிவு அதன் சந்து வழியாக இறங்கித் துளையிலேயே களிம்பாகப் படிந்திருந்தது.

பொங்கல் முடிந்து, 2024 ஜனவரி 20-இல் தொட்டி மாற்றம். காகிதப்பூவின் வேர் நூல் மாதிரி மெல்லியது, முறியக்கூடியது. சாதாரணமாக வேர்க்கட்டியை அப்படியே குலையாமல் எடுத்து வைக்க வேண்டும். இங்கே அழுகல் இருந்ததால் வேறு வழியில்லை. டிரம்மைச் சாய்த்து, மண்ணைக் குழாய்த் தண்ணீரில் மெதுவாகக் கரைத்து, பழுப்பாகக் குழைந்த வேர்களை வெட்டி, வெளிர் நிறத்தில் விறைப்பாக இருந்தவற்றை மட்டும் விட்டது. மிஞ்சிய வேர்ப்பந்து ஒரு சின்னப் பூசணிக்காய் அளவு. அதற்கு 14 அங்குலப் பிளாஸ்டிக் தொட்டி. கலவை இம்முறை செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவு அறவே இல்லை. தொட்டியின் அடியில் இருந்த நாலு துளைகளை 12 மி.மீ. டிரில் பிட்டால் ஏழாக்கி, கொசுவலைத் துண்டு ஒன்றைப் போட்டு மண் நிரப்பியது. கிளைகளைப் பாதியாகக் குறைத்து மூன்று வாரம் பச்சை நிழல்வலைக்குக் கீழே. ஐந்து முதன்மைக் கிளைகளில் இரண்டு காய்ந்துபோயின. அழுகிய வேரோடு விளையாடினால் இந்த விலை உண்டு.

திருப்பம் எங்கிருந்து வந்ததென்றால், சுவரில் மறந்துவிட்ட அந்தக் குச்சிச் செடிகளில் ஒன்றிலிருந்து. 2024 பிப்ரவரி கடைசி வாரத்தில், ஒன்பது அங்குல உயரம்கூட இல்லாத அது மூன்று கொத்து பூத்தது. தாய்ச்செடியின் அதே குச்சி. ஆகவே வகை சரியில்லை, இது பூக்காத சாதி என்ற சாக்கெல்லாம் அன்றோடு போயிற்று. ஒரே செடி, ஒன்றுக்கு நூறு லிட்டர் சொகுசு, மற்றொன்றுக்கு இரண்டு லிட்டர் வறண்ட மண்ணும் நாள் முழுக்க வெயிலும். தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலை நடுத்திட்டில் நிற்கும் காகிதப்பூக்களைப் பார்த்திருந்தாலே இது முன்பே புரிந்திருக்கும். கட்டட இடிபாட்டு மண், லாரித் தண்ணீர் வந்தால் உண்டு, தலைக்கு மேலே ஒரு நிழலும் கிடையாது. தெருவிளக்கு வெளிச்சம் இரவில் படுவதால் பூக்கவில்லையோ என்றும் ஒரு சந்தேகம் இருந்தது. அந்தச் செடிகள் விளக்குக் கம்பத்தடியிலேயே பூத்து நிற்பதைப் பார்த்தபின் அதை விட்டாயிற்று.

பாடம் புரிந்தது, அளவு புரியவில்லை. 2024 மே மாதம், கத்திரி வெயிலில், தாய்ச்செடிக்கு ஆறு நாள் தண்ணீரை நிறுத்தியது அடுத்த முட்டாள்தனம். ஜனவரியில் நாலு நாளில் காயும் தொட்டி, அக்கினி நட்சத்திரத்தில் ஒன்றரை நாளில் காய்ந்துவிடும். இலை முழுக்கக் கொட்டி, கிளை நுனிகள் எட்டு முதல் பத்து அங்குலம் வரை கருகின. வாட விடுவது வேறு, வறுத்தெடுப்பது வேறு. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் மேற்குப் பக்கத்தைத் தொட்டால் கை சுடும். அந்தப் பக்க வேர் எல்லாம் வெந்திருக்கும். அதன் பிறகு தொட்டியைச் சுற்றி ஒரு கோணிச் சாக்கு நிரந்தரமாயிற்று. காகிதப்பூவுக்குத் தலையில்தான் வெயில் வேண்டும், காலில் அல்ல.

வெயிலை அளந்தது

செப்டம்பர் 2024 முதல் வாரம். கொடி இருந்த இடம் மாடிப்படி அறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையில். 'நல்ல வெயில்' என்று நினைத்த இடம். காலை 7 முதல் மாலை 5 வரை மணிக்கொரு தரம் நிழலின் விளிம்பைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டதில், செடிமேல் நேர்வெயில் படுவது மூன்றரை மணி நேரம்தான் என்று தெரிந்தது. வாசலில் நின்று பார்க்கும்போது மாடி முழுக்க வெயிலாகத்தான் தெரியும். செடி நிற்கும் இரண்டடியில் எவ்வளவு என்பதே கேள்வி. காகிதப்பூவுக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கீழே என்றால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை. ஆறுக்கு மேல் இருந்தால் நிம்மதி.

தென்கிழக்கு மூலையில் ஆறரை மணி நேரம் கிடைத்தது. அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு, அது செப்டம்பரில் தெரியாது. மே முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே போகும். தெற்குச் சுவரின் நிழல் மாடிக்குள் விழாது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து, நண்பகலில்கூடச் சுமார் 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். மூன்றடிக் கைப்பிடிச் சுவர் அப்போது வடக்கே இரண்டேகால் அடிக்கு நிழல் போடும். பூ வேண்டிய பருவத்தில்தான் தெற்குச் சுவரை ஒட்டிய தொட்டி நிழலில் கிடக்கும். இரண்டிரண்டாக நாலு ஹாலோ பிளாக்கை அடுக்கி 16 அங்குலம் உயர்த்தியது இதற்காக. இன்னும் எட்டு அங்குலம் உயர்த்தியிருக்க வேண்டும் என்று பிப்ரவரியில் தெரிந்தது. கீழ்க்கிளையில் பூவே இல்லை.

காகிதப்பூவுக்குப் பாகற்கொடி மாதிரி பற்றுக்கம்பி கிடையாது. வளைந்த முள்ளால் பக்கத்துச் செடியில் மாட்டிக்கொண்டு ஏறும், அவ்வளவுதான். நாம்தான் கட்ட வேண்டும். ஆறடிக்கு நாலடி வெல்டு மெஷ் ஒன்றை, கிழக்குச் சுவரின் உள்பக்கம் நாலு ஆங்கர் போல்ட் போட்டு, சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி நிறுத்தியது. அந்த மூன்று அங்குல இடைவெளி முக்கியம். இல்லாவிட்டால் பின்பக்கம் காற்றோட்டம் இல்லாமல் மாவுப்பூச்சி குடியேறும், கட்டவும் விரல் நுழையாது.

கவாத்துக்கு நாள் பார்த்தது

நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல், அதன் பிறகு டிசம்பர் நடுவில் இன்னொரு மழை. மழை நின்றது என்று உறுதியான பின், டிசம்பர் 22, ஞாயிறு. சென்னையில் அப்போது பகல் சுமார் 11 மணி 20 நிமிடம். ஜூனில் அது 12 மணி 50 நிமிடத்தைத் தொடும். ஒன்றரை மணி நேர வித்தியாசம் காகிதப்பூவுக்குப் பெரிது. குறுகிய பகல், மழையில்லா வானம், எரிக்காத வெயில் இந்த மூன்றும் நம் ஊரில் ஒன்றாகக் கிடைப்பது மார்கழி முதல் மாசி வரைதான். ஐப்பசி, கார்த்திகையில் பகல் குறுகினாலும் மழை விடாது. ஆனியில் வெயில் இருந்தாலும் பகல் நீளம். கோடையில் பூக்கவே பூக்காது என்றில்லை; ஒருமுறை பூக்கப் பழகிய செடி கோடையிலும் பூக்கும். பிடிவாதச் செடிக்கு முதல் தள்ளு கொடுக்க மார்கழிதான் தோது.

கருவிகள்: கத்திரி மாதிரி ஒன்றையொன்று கடந்து வெட்டும் கவாத்துக் கத்திரி, 480 ரூபாய். அம்மி போல நசுக்கும் வகை வேண்டாம், தண்டு பிளந்துவிடும். வெல்டர்கள் போடும் முழங்கை வரை வரும் தோல் கையுறை, 220 ரூபாய். தோட்டக் கையுறை என்று துணியில் விற்பதை இந்த முள் ஒரு பொருட்டாகவே மதிக்காது. கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. வளைத்துக் கட்டும்போது நுனி விடுபட்டு முகத்தில் அடிக்கும். வெட்டுவதற்கு முன் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்தது.

அடியிலிருந்து வந்த கொழுத்த நேர்த்தண்டுகளை மூலத்தோடு வெட்டியாயிற்று. மிஞ்சிய மூன்று முதன்மைக் கிளைகளை நாலரை அடியில் நிறுத்தி, அவற்றின் பக்கக் கிளைகளை இரண்டு மூன்று கணு விட்டு நறுக்கியது. மொத்தத்தில் செடியின் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். மிக மெல்லிய, சோகை பிடித்த உள்கிளைகளையும் எடுத்துவிட்டால் நடுவில் வெளிச்சம் இறங்கும்.

பிறகு வளைப்பு. இந்தக் கட்டம்தான் முன்பெல்லாம் விட்டுப்போனது. கிளையை நேராக ஏற்றிவிட்டால் நுனி மொட்டு ஒன்றே ஓடும், கீழே உள்ள மொட்டெல்லாம் தூங்கும். படுக்க வைத்தால் நீளம் முழுக்க ஒவ்வொரு கணுவிலும் தளிர் கிளம்பும்; ஒவ்வொரு தளிரும் ஒரு பூக்குச்சி. மூன்று கிளைகளையும் மெஷ்ஷில் ஓர் அடி இடைவெளியில் அடுக்காகக் கிடைமட்டமாகப் படுக்க வைத்தது. முற்றிய கிளையை ஒரே நாளில் படுக்க வைத்தால் 'டப்' என்று கிழியும். முதல் நாள் தண்ணீர் விடாமல் கொஞ்சம் துவள விட்டு, மூன்று நாளில் மூன்று கட்டமாக இறக்கியது. கட்டுவதற்குப் பழைய பனியன் துணிப் பட்டை, எட்டு வடிவத்தில் தளர்வாக. கட்டுக்கம்பியும் பிளாஸ்டிக் டேகும் ஆறு மாதத்தில் தண்டுக்குள் புதைந்துவிடும்.

தண்ணீரும் உரமும்

கவாத்து முடிந்ததும் செடிக்குத் தளிர் விடத் தெம்பு வேண்டும். இங்கே மட்டும் தழைச்சத்துக்கு அனுமதி. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு 2 கிராம், வாரம் ஒரு லிட்டர் வீதம் இரண்டே முறை. ஜனவரி 2-க்குள் கணு கணுவாகச் செந்நிறத் தளிர்கள் வந்துவிட்டன. ஜனவரி 8 வாக்கில் நாலைந்து அங்குலம் வளர்ந்தவற்றின் நுனியை மட்டும் நகத்தால் கிள்ளியது, ஒன்று இரண்டாகும். கிள்ளுவதை ஒரு தடவையோடு நிறுத்த வேண்டும். மறுபடி மறுபடி கிள்ளினால் பூ வர வேண்டிய நுனியையே கிள்ளிக்கொண்டிருப்போம்.

அன்றோடு தழைச்சத்து நிறுத்தம். தழைச்சத்தே இல்லாத சாம்பல்சத்து உரமான சல்பேட் ஆஃப் பொட்டாஷ் (0-0-50) லிட்டருக்கு 3 கிராம், பத்து நாளுக்கு ஒரு லிட்டர், மண்ணில். மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் விலை குறைவு. ஆனால் அதில் குளோரைடு. நம் போர் தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் உப்பு போதாதா? இந்த மாடியின் போர் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு (டிடிஎஸ்) 1,100. அதன் விளைவு புது இலைகளில் தெரிந்தது: நரம்பு பச்சை, நடுவெல்லாம் வெளிர் மஞ்சள். இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் செடி எடுக்க முடியாத நிலை அது. இரும்புச் செலேட் லிட்டருக்கு 1 கிராம், மாலையில் இலைமேல் ஒரே தெளிப்பு. பத்து நாளில் பசுமை திரும்பியது.

ஜனவரி 10 முதல் வறட்சி. இதற்குக் காலண்டர் உதவாது, இலைதான் மீட்டர். நண்பகல் வெயிலில் இலை துவளுவதைப் பார்த்துப் பயந்து குடத்தைத் தூக்கக் கூடாது. அது சூட்டுக்குத் துவளுவது, சாயங்காலம் நிமிர்ந்துவிடும். மாலையில் துவண்டது மறுநாள் காலை ஏழு மணிக்கும் துவண்டே கிடந்தால் அதுதான் தாகம். அப்போது ஒன்றரை லிட்டர், சாதாரண அளவில் பாதி. ஒரு கூடுதல் சோதனை: தொட்டியின் விளிம்பைப் பிடித்து இரண்டு அங்குலம் சாய்த்துப் பார்ப்பது. ஈரத் தொட்டி மல்லுக்கட்டும். காய்ந்தது ஒரு கையில் எழும்பும். இந்தத் தொட்டிக்கு ஜனவரியில் தாகம் எடுக்க நாலு நாள், சில சமயம் ஐந்து. இப்படி ஐந்து சுற்று, ஜனவரி கடைசி வரை. அடி இலைகள் கொஞ்சம் மஞ்சளாகி விழுந்தன, அது பரவாயில்லை. நுனி கருகினால் எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

இந்த மூன்று வாரத்தில் தினமும் பார்க்க வேண்டியது இலைக் கக்கத்தை. அங்கே அரிசி அளவு குருத்து தெரியும்போது லென்ஸ் வைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஒற்றைக் கூராக, வழவழப்பாக இருந்தால் முள். நுனி மூன்றாகப் பிளந்து, பஞ்சு மாதிரி மெல்லிய ரோமத்தோடு இருந்தால் பூக்கொத்து. காகிதப்பூவில் எல்லாம் மூன்றுதான்: நிறம் ஏறிய மூன்று இலைகள், ஒவ்வொன்றின் நடு நரம்பிலும் ஒட்டிய ஒரு சின்ன வெள்ளைக் குழல். அந்தக் குழல்தான் நிஜப் பூ. நாம் பூ என்று கொண்டாடுவது வேஷம் போட்ட இலை. ஜனவரி 29-இல் முதல் பிளவு தெரிந்தது.

பிளவு தெரிந்த பிறகும் வறட்சியைத் தொடர்ந்தால் மொட்டு சருகாக உதிரும். பிப்ரவரி 1 முதல் மறுபடி ஒழுங்கான தண்ணீர்: மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்ததும் மூன்று லிட்டர், அடித்துளையில் ஒழுகும் வரை. கவாத்திலிருந்து நிறம் வரை எண்ணினால் 53 நாள்.

நடுவில் ஒரு களவு. ஜனவரி மூன்றாம் வாரம் தளிர் இலைகளின் ஓரம் பிறை பிறையாகக் கடிபட்டிருந்தது, சில நுனிகளே காணோம். பகலில் தேடினால் எதுவும் இல்லை. இரவு ஒன்பதரைக்கு டார்ச் அடித்ததும் தெரிந்தது: ஓர் அங்குல நீளம், குச்சி மாதிரியே விறைத்து நிற்கும், முதுகை வில்லாக வளைத்து நடக்கும் புழு. கையால் பொறுக்கியதில் பதினொன்று. பிறகு வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் 2 மில்லி, ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, வெயில் தாழ்ந்ததும் இரண்டு தெளிப்பு, ஐந்து நாள் இடைவெளியில். இந்தப் புழு தின்பது நுனியை, அதாவது பூவை. உரத்துக்கும் தண்ணீருக்கும் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு இதைக் கவனிக்காமல் விட்டால் அத்தனையும் வீண்.

பிப்ரவரி 28-இல் எண்ணியபோது 34 கொத்து. மார்ச் 15-இல் 71. மேல் கிளை அதிகம், நடுக்கிளை அதற்கடுத்து, கீழே பூஜ்யம். சாய்வாக விட்டுப்போன ஒரு பக்கக் கிளையில் நுனியில் மட்டும் நாலு கொத்து. படுக்க வைத்த அதே நீளத்தில் பதினேழு.

கணக்கு

வீணானது: டிரம் 450, கலவை 600, டிஏபி 60, பஞ்சகவ்யம் 150, டானிக் 240. ஆக 1,500 ரூபாய். பயன்பட்டது: 14 அங்குலத் தொட்டி 320, மண்ணும் மணலும் 150, மெஷ் 700, கத்திரி 480, கையுறை 220, பொட்டாஷ் ஒரு கிலோ 190, 19:19:19 ஒரு கிலோ 180, இரும்புச் செலேட் 120, வேப்பெண்ணெய் 90, ஹாலோ பிளாக் நாலு 180. இது 2,630. மெஷ்ஷும் கத்திரியும் பல வருடம் வரும். உரம் இரண்டும் பத்துச் செடிக்குப் போதும். குச்சிச் செடி பூக்க ஆன செலவைக் கேட்காதீர்கள்.

அடுத்த தடவை மாற்ற வேண்டியவை. தொட்டி 12 அங்குலத்துக்கு மேல் முதல் இரண்டு வருடம் தேவையில்லை. வேர் நெருக்கமாக இருக்கும்போதுதான் பூ. மண்தொட்டி என்றால் இன்னும் நல்லது, பக்கவாட்டிலும் ஈரம் ஆவியாகும். தொட்டியைத் தரையோடு ஒட்டி வைக்காமல் மூன்று ஓட்டுத் துண்டின் மேல் வைக்க வேண்டும். மழையில் துளை அடைபடாது. அக்டோபர் 15-க்குள், மண்ணின் மேல் பழைய ஃப்ளெக்ஸ் துண்டு ஒன்றைத் தண்டைச் சுற்றிச் சரிவாகக் கட்டிவிட்டால் மழைத் தண்ணீர் பாதி வெளியே போகும். இலை நனைவது பிரச்சினையில்லை, வேர் ஊறுவதுதான்.

தரையில் வைத்த செடிக்கு இந்தத் தண்ணீர்க் கணக்கு செல்லாது. வேர் எங்கே போய்க் குடிக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அங்கே கவாத்து, படுக்க வைப்பது, உரத்தை அடியோடு நிறுத்துவது இந்த மூன்றும்தான் கையில். தண்டிலிருந்து இரண்டடி தள்ளி, ஒரு பக்கம் மட்டும், கடப்பாரையால் ஓர் அடி ஆழத்துக்கு வேரை அறுத்துவிடும் பழைய பழக்கம் உண்டு. அரைவட்டத்துக்கு மேல் போகக் கூடாது.

மாமரத்துக்கு ஊற்றும், வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்தான பேக்லோபியூட்ரசாலை நர்சரிகள் இதற்கும் பயன்படுத்துவதுண்டு. செடி குட்டையாகிப் பூத்துத் தள்ளும். வீட்டுத் தொட்டிக்கு அளவு கொஞ்சம் பிசகினாலும் செடி மாதக்கணக்கில் சுருண்டு நிற்கும் என்பதால் அந்தப் பாட்டில் இங்கே திறக்கப்படவில்லை.

மார்ச் 30: நிறம் வெளுத்த கொத்துகளை, அவற்றுக்குக் கீழே இரண்டு இலை சேர்த்து வெட்டியாயிற்று. 19:19:19 ஒரே முறை. இரண்டாம் சுற்றுக்கு முழு வறட்சி கிடையாது, கோடையில் தினம் காலையில் ஒன்றரை லிட்டர். ஹாலோ பிளாக் இன்னும் ஓர் அடுக்கு ஏறியிருக்கிறது. கீழ்க்கிளையில் இன்றைக்கும் முள்தான். அதில் ஒரு முள்ளின் நடுவே மட்டும், வழி தவறி வந்த மாதிரி, ஒற்றை மெஜந்தா இலையும் அதில் ஒரு வெள்ளைக் குழலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.